அப்பாவின் கார்ட்டினாவை செப்பாங்கில் ஓட்டலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் 1964-ஆம் ஆண்டு லோட்டஸ் கார்ட்டினா ஒன்று இருக்கிறது. கெடாவில் ஒரு தோட்டத் துரை ஊர் திரும்பியபோது அப்பா அவரிடம் வாங்கியது. போன வருடம் அப்பா தவறிவிட்டார். கார் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. செப்பாங்கில் பழைய கார் பந்தயத்தில் சேர நண்பர் கூப்பிடுகிறார். பாதி நேரம் அவர் ஓட்டுவாராம். மெக்கானிக் காருக்குள் இரும்புக் குழாய்க் கூடு (கேஜ்) வெல்டிங் பண்ணி, பிடிப்பு அதிகமான செமி ஸ்லிக் பந்தய டயர் போட்டுத் தருகிறேன் என்கிறார். அண்ணனோ, இது ஓட்டுகிற கார் இல்லை, வைத்துப் பார்க்கிற கார் என்கிறார். அம்மாவுக்கு ஒரே பயம். இன்சூரன்ஸ் இருக்கிறது. இறங்கலாமா?
வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்:

தம்பி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்ட்டினாவை செப்பாங்குக்குக் கொண்டுபோங்கள், ஓட்டுங்கள். பந்தயத்தில் மட்டும் இறக்காதீர்கள். பழைய கார்களுக்கென்று தனியாக ஒதுக்கிய நேரத்தில், நேரம் குறிக்காமல், உங்கள் ஒருவர் கையில் அது ஓடுவதற்கு நான் முழு ஆதரவு. பக்கத்துக் காரோடு வளைவுக்கு வளைவு மல்லுக்கட்டுகிற ஓட்டத்துக்கு அந்தக் கார் வேண்டாம். நான் சரி என்கிற ஓட்டமும்கூட, கீழே சொல்கிற சோதனைகளில் கார் தேறிய பிறகுதான்.

அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. நிறுத்தியே வைத்தால் கார் பத்திரமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடாத காரில் ஆயில் சீல் இறுகும், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பிசினாக ஒட்டும், பிரேக் சிலிண்டர் துருப்பிடித்து இறுகிவிடும். அதோடு, இது பந்தயத்துக்காகவே பிறந்த கார். ஆயிரம் கார் செய்து காட்டினால்தான் பந்தயத்தில் அனுமதி என்ற விதிக்காக ஃபோர்டும் லோட்டஸும் சேர்ந்து 1963-இல் வெளியிட்டது. 1558 சிசி, இரட்டை கேம் எஞ்சின், 105 குதிரைத்திறன். மறு ஆண்டே பந்தய வீரர் ஜிம் கிளார்க் இதை ஓட்டி பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன் ஆனார். முன்பக்க உள்சக்கரம் தரையை விட்டு எழும்பி நிற்க அவர் வளைவு திரும்பும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் பக்கத்திலும் இந்த ஆசைக்கு வயது உண்டு. 1962-இல் சிங்கப்பூர் தாம்சன் ரோட்டில் நடந்த கிராண்ட் பிரியை யோங் நாம் கீ ஜாகுவார் ஈ டைப்பில் ஜெயித்தார்; 1968-இல் ஷா ஆலம் பக்கம் பத்து தீகா ஓடுதளம் திறந்தது. உங்களுக்கு வந்திருக்கும் ஆசை நியாயமான ஆசை.

ஆனால் ஜிம் கிளார்க் ஓட்டியபோது அந்த உலோகம் புதுசு. உங்கள் வீட்டில் நிற்பது அறுபது வயது தாண்டிய உலோகம். உருவம் அதேதான், வெள்ளையில் பச்சைக் கோடு அதேதான். உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதை வெறும் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன். என் பட்டறைக்கு வருகிறவர்கள் எஞ்சினைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். முன்சக்கரம் எதில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று கேட்பவர் அரிது.

முன்சக்கரத்தைத் தாங்குவது ஸ்டப் ஆக்ஸில், கட்டைவிரலை விடச் சற்றுப் பருத்த ஒரு எஃகுத் தண்டு. அது அடிப்பாகத்தோடு சேரும் வளைந்த மூலையில்தான் விரிசல் பிறக்கும். எஃகுக்கு ஒரு சலுகை உண்டு: ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சுமை இருந்தால் கோடிக்கணக்கான தடவை வளைந்து நிமிர்ந்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு அதிர்வும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். இந்த வகைக் காரின் தொடக்ககாலத் தயாரிப்புகளில் கிளட்ச் உறையும் பின் டிஃபரன்ஷியல் உறையும் அலுமினியக் கலவை. யாராவது இடையில் மெக்னீசியச் சக்கரம் மாட்டியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விரிசலைக் கண்டுபிடிக்கிற வழி எளிமையானது. சாமானைக் கழற்றி, கிரீஸ் துளிகூட இல்லாமல் கழுவி, சிவப்புச் சாயம் பூச வேண்டும். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மேலே இருக்கும் சாயத்தைத் துடைத்தெடுத்து, வெள்ளை டெவலப்பரைத் தெளிக்க வேண்டும். நல்ல சாமான் வெள்ளையாகவே இருக்கும். விரிசல் இருந்தால் உள்ளே ஒளிந்திருந்த சாயம் மேலேறி, தலைமுடி பருமனில் ஒரு சிவப்புக் கோடு மெல்லத் தெரியும். அலுமினியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் இது போதும். எஃகுச் சாமான்களுக்குக் காந்தத் துகள் சோதனை இதைவிட நம்பகமானது. எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கு வேலை செய்கிற சோதனைக் கூடங்களில் இதைச் செய்வார்கள். கார் சாமான் என்று தயங்காமல் எடுத்துப் போங்கள். ஸ்டப் ஆக்ஸில், ஸ்டீயரிங் ஆர்ம், பின் அரைத்தண்டுகள், சக்கரங்கள் எல்லாம் போக வேண்டும். கோடு தெரிந்த சாமானை வெல்டிங் வைத்து மறுபடி மாட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் அந்தப் பட்டறையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் செமி ஸ்லிக் டயர் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. மெக்கானிக் நல்லெண்ணத்தில் சொல்கிறார், அது புரிகிறது. நல்ல பிடிப்பு என்றால் பாதுகாப்பு என்று தோன்றும். பிடிப்பு கூடக்கூட வளைவில் கார் தாங்க வேண்டிய சுமையும் கூடும். அந்தச் சுமை நேராக ஸ்டப் ஆக்ஸிலுக்கும், சக்கரத்தின் நடுத்தட்டுக்கும், சஸ்பென்ஷன் கால்கள் பாடியோடு சேரும் மெல்லிய தகட்டுக்கும் போகும். 1964-இல் போட்ட கணக்கில் இன்றைய ரப்பர் கிடையாது. அந்தக் காலத்து வார்ப்பில் இன்றும் செய்கிற டன்லப் பந்தய டயர் கிடைக்கிறது. அது சீக்கிரம் வழுக்கும், குறைந்த வேகத்தில் வழுக்கும், வழுக்கப்போகிறேன் என்று முன்கூட்டியே கைக்குச் சொல்லிவிட்டு வழுக்கும். உங்களுக்கு வேண்டியது அதுதான். எந்த டயராக இருந்தாலும் பக்கச் சுவரில் நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பூ தேயாமல் புதுசு போல இருந்தாலும் ஆறு வயது தாண்டிய டயரோடு ஓடுதளத்தில் ஏறாதீர்கள்.

இனி அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதை அவரிடமே சொல்லுங்கள். அந்தக் காரில் ஸ்டீயரிங் தண்டு மடங்காத ஒற்றைத் தண்டு. முன்பக்கம் நசுங்கினால் அது ஓட்டுநரின் நெஞ்சை நோக்கி வரும். மோதினால் மடங்குகிற தண்டு வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்ததே 1968-இல்தான். இருக்கைக்குத் தலைதாங்கி இல்லை, கதவுக்குள் இரும்புப் பட்டை இல்லை. தொடக்ககாலத் தயாரிப்புகளில் கதவே அலுமினியத் தகடு. இரட்டை கேம் எஞ்சினில் இன்னொரு சங்கதி உண்டு: தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் இருப்பது இரண்டு வெபர் கார்புரேட்டர்களுக்கும் நேர் கீழே. பெட்ரோல் குழாயின் இணைப்பு ஒன்று கசிந்தால் சொட்டுவது தீப்பொறி பிறக்கிற இடத்தின் மேல். நம் ஊர் வெயிலில் ரப்பர் குழாய் வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே நொறுங்கியிருக்கும். பெட்ரோல் குழாய் அத்தனையையும், வாஷர் உட்பட, புதிதாக மாற்றுங்கள். ஓட்டுநர் உட்கார்ந்தபடியே இழுத்து அணைக்கிற மின்துண்டிப்பும், கைக்கு எட்டும் தீயணைப்பானும் வையுங்கள்.

கேஜ் விஷயத்துக்கு வருவோம். வெல்டிங் வேண்டவே வேண்டாம். போல்ட் போட்டுப் பூட்டுகிற ரோல் கேஜ், அடியில் அகலமான தாங்குத் தகடுகளோடு, போதும். நான்கு முனை அல்லது ஆறு முனை பெல்ட், தோள்பட்டி சரியான கோணத்தில் வருகிற உயரமான இருக்கை, தலையையும் கழுத்தையும் தாங்குகிற ஹான்ஸ் கருவி, செல்லுபடியாகும் ஹெல்மெட் ஆகிய நான்கும் ஒரே தொகுப்பு. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை வாங்குவதில் அர்த்தமில்லை. வேகமாக மோதி நிற்கும்போது பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னே போகும். அப்போது மண்டையோட்டின் அடிப்பாகம் உடையும். 2001-இல் அமெரிக்காவின் டேடோனா ஓடுதளத்தில் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது இந்தக் காயத்தில்தான். இன்னொன்று: கேஜ் மாட்டிய காரைச் சாதாரணச் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டாதீர்கள். சின்ன மோதலில்கூட மண்டை போய் இடிப்பது இரும்புக் குழாயில். செப்பாங் போய் வந்ததும் கேஜைக் கழற்றி வைத்துவிட வேண்டும். போல்ட் கேஜ் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெல்டிங்கை நான் மறுப்பதற்குக் காரின் மதிப்பும் ஒரு காரணம். இதை அண்ணனும் படிக்கட்டும். சாதாரண கார்ட்டினா ஜிடியை லோட்டஸ் போல வேஷம் கட்டி விற்பது உலகம் முழுக்க நடக்கிறது. உங்கள் கார் அசல் என்பதற்கு எண் தகடு மட்டும் சாட்சியாகாது. தொழிற்சாலையில் செய்த அந்தப் பாடியே சாட்சி. பின் சஸ்பென்ஷன் ஏ வடிவச் சட்டத்துக்காகத் தரையில் போட்ட வலுவூட்டல், தொடக்ககாலத் தயாரிப்பு என்றால் அலுமினியக் கதவு, போனட், டிக்கி மூடி எல்லாமே பரிசோதிப்பவர் தேடுகிற தடயங்கள். இந்தக் காருக்குத் தனியாக சேசி (அடிச்சட்டம்) கிடையாது. பாடி மோதலில் நெளிந்து, வேறொரு கார்ட்டினாவின் கூட்டை வாங்கி உங்கள் சாமான்களை அதில் மாட்டினால், ஓடுகிற கார் ஒன்று கிடைக்கும். அப்பாவின் கார் கிடைக்காது. விற்கப் போனாலும் அந்த விலை கிடைக்காது.

கோடீஸ்வரர்கள் குட்வுட், லெ மான் கிளாசிக் என்கிற பழைய கார் பந்தயங்களில் ஃபெராரி 250 ஜிடிஓவை ஓட்டுகிறார்களே என்று நண்பர் சொல்லியிருப்பார். அந்தக் கார் உலகத்திலேயே 36-தான் செய்தார்கள். 2018-இல் ஒன்று 4 கோடியே 84 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. முன்பக்கம் நொறுங்கினால், சேசி எண் பத்திரமாக இருக்கும் வரை, இத்தாலியில் கைவேலைக்காரர்கள் புது அலுமினியத்தைத் தட்டிச் சரிசெய்துவிடுவார்கள். அந்தச் செலவு காரின் விலையில் ஒரு சிறு பங்கு. உங்கள் கார்ட்டினாவில் ஒரு கடுமையான மோதலைச் சரிசெய்கிற செலவு காரின் விலையையே எட்டிப் பார்க்கும். பணக் கணக்கில் பார்த்தால் அவர்களைவிட நீங்கள்தான் பெரிய சூதாட்டம் ஆடுகிறீர்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாலிசியை எடுத்து விதிவிலக்குப் பக்கத்தைத் திறங்கள். நம் நாட்டு வழக்கமான மோட்டார் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை, வேகம் நிர்ணயிக்கும் ஓட்டம் எல்லாம் விலக்கப்பட்டிருக்கும். ஒப்புக்கொண்ட மதிப்பு என்று தொகை எழுதிய பாலிசியாக இருந்தாலும் அந்த வரி மாறாது. நேரம் குறிக்காத டிராக் டேயையும் இதில் சேர்ப்பார்களா என்பதை வாய்ப் பேச்சில் விடாமல், ஏஜெண்ட் மூலம் கம்பெனியிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். சாலையில் நடக்கிற விபத்துக்குக்கூட, பத்து வயது தாண்டிய வாகனத்துக்குப் புதுச் சாமான் போட்டால் 40 விழுக்காடு வரை உங்கள் கையிலிருந்து கட்டச் சொல்லலாம். இதற்கெல்லாம் முந்தியது பெயர். கார் மறைந்த அப்பாவின் பெயரிலேயே இருந்தால், இழப்பீடு கேட்கிற உரிமை யாருக்கு என்ற இடத்திலேயே கோரிக்கை முட்டி நிற்கும். வாரிசு ஆவணங்களை முடித்து, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யில் பெயர் மாற்றுங்கள். கார் உங்களுக்கும் அண்ணனுக்கும் பொதுவென்றால், ஓடுதளத்தில் எது நடந்தாலும் செலவு யாருடையது என்று அம்மா முன்னிலையில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓடுதளத்தில் தரும் பொறுப்புத் துறப்புப் படிவத்தையும் முழுசாகப் படியுங்கள். இரும்புத் தடுப்பை இடித்தால் அதற்கான செலவு ஓட்டுநர் தலையில் என்கிற வரி அதில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

நண்பர் பாதி நேரம் ஓட்டுவது வேண்டாம். இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2009-இல் அனுபவமுள்ள ஒரு பத்திரிகையாளர், கட்டுரைக்காக ஒருவருடைய போர்ஷே 917 பந்தயக் காரை வாங்கி ஓட்டினார். எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழன்று உடைந்தது. கியர் தானாக நழுவியது என்றார் அவர், கார்க்காரர் ஏற்கவில்லை. 2013-இல் நீதிமன்றம் ஏறத்தாழ 48,000 பவுண்டு கட்டச் சொன்னது, வழக்குச் செலவு தனி. பல வருடப் பழக்கம் அங்கே முடிந்தது. உங்கள் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் ஆர்மிலேயே சுமார் 6500 சுற்றில் தீப்பொறியை வெட்டுகிற அமைப்பு உண்டு. அதை நம்பி யாரிடமும் காரைக் கொடுக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்து வேகம் ஏற்றுவதைத்தான் அது தடுக்கும். நான்காம் கியரிலிருந்து மூன்றுக்குப் போவதற்குப் பதில் ஒன்றுக்குத் தள்ளிவிட்டால், சக்கரமே எஞ்சினைச் சுற்றிவிடும்.

செப்பாங்கைப் பற்றி. 5.543 கிலோமீட்டர், 15 வளைவு, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு நேர்ப்பாதை. கார்ட்டினா அதில் மணிக்கு 170 கிலோமீட்டர் எட்டும். அதே நேரத்தில் பின்னால் வருகிற நவீன ஜிடி கார் 250-இல் வரும். வித்தியாசம் 80, அதாவது நொடிக்கு 22 மீட்டர். கண்ணாடியில் புள்ளியாகத் தெரிவது மூன்று நொடியில் 66 மீட்டர் நெருங்கிவிடும். பழைய கார்களுக்கென்று தனி நேரம் கேட்கச் சொல்வது இதனால்தான். கலந்து விடுகிற நாளாக இருந்தால் பணம் போனாலும் திரும்பி வாருங்கள். ஐந்தாவது, ஆறாவது வளைவுகள் நீண்டவை, வேகமானவை. அங்கே எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் உள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சும். தடுப்புத் தகடு வைத்த சம்ப் போடுங்கள், அந்த வளைவுகளில் ஆயில் பிரஷர் முள் விழுந்தால் அந்தச் சுற்றோடு உள்ளே வாருங்கள். நேர்ப்பாதை முடிவில் 160-இலிருந்து பிடிப்பது, 120-இலிருந்து பிடிப்பதைப் போல ஏறத்தாழ 1.8 மடங்கு சூட்டை பிரேக்கில் கொட்டும். புது டாட் 4 பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி; ஈரம் உறிஞ்சிய பிறகு 155 வரை இறங்கிவிடும். நம் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, ஓடுகிற வாரத்திலேயே மாற்றுங்கள். காலை நேரமே எடுங்கள். 2009-இல் சாயங்காலம் தொடங்கிய ஃபார்முலா ஒன் பந்தயத்தையே மழை 31 சுற்றோடு நிறுத்தியது. வெயிலும் ஆளைத் தளர்த்தும். தலை கனத்தால், கை நடுங்கினால் யாரிடமும் விளக்கம் சொல்லாமல் உள்ளே வாருங்கள். பழம்பெரும் பந்தய வீரர் ஸ்டர்லிங் மோஸ் 2011-இல் லெ மானில் தகுதிச் சுற்று ஓடும்போது தனக்கே பயம் வந்துவிட்டது என்று சொல்லி, அன்றே பந்தயத்திலிருந்து ஓய்வு அறிவித்தார். அப்போது அவருக்கு 81 வயது.

பந்தய ஆசை அப்புறமும் இருந்தால், பழைய புரோட்டோன் சத்ரியா ஒன்றை வாங்கிப் பந்தயத்துக்குத் தயார் செய்யுங்கள். கேஜ் வெல்டிங், செமி ஸ்லிக், என்ன வேண்டுமானாலும் போடுங்கள். சாமான் எங்கும் கிடைக்கும், இடித்தால் மனசு உடையாது. அதில் ஒரு வருடம் ஓட்டிவிட்டு வந்தால் கார்ட்டினாவை இன்னும் நன்றாக ஓட்டுவீர்கள்.

இப்போதைக்குக் கேஜுக்கும் டயருக்கும் பணம் கட்டாதீர்கள். பெயர் மாற்றத்தைத் தொடங்குங்கள், டிராக் டேக்கு இழப்பீடு உண்டா என்று கேட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கடிதம் அனுப்புங்கள். முன் ஸ்டப் ஆக்ஸில் இரண்டையும் கழற்றிச் சோதனைக்கு அனுப்பி, அறிக்கையையும் படங்களையும் எனக்கு அனுப்பிவையுங்கள். பின்பக்க ஏ வடிவச் சட்டம் டிஃபரன்ஷியலோடு சேரும் இடத்தில் ஆயில் கசிகிறதா என்று உங்கள் மெக்கானிக்கை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கசிந்தால் அங்குள்ள ரப்பர் புஷ் ஊறி மெத்தென்று ஆகியிருக்கும், வளைவில் பின்பக்கம் தானாகத் திரும்பும். அதையும் எழுதுங்கள், அடுத்து என்ன கழற்ற வேண்டும் என்று சொல்கிறேன்.